ரிவிட்டைத் தேர்ந்தெடுப்பது யார்?

(பழைய மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "அண்ணே, நீங்க ஒரு அரை மணி நேரம் பேசணும்" என்றார். தலைப்பு என்னவென்று கேட்டேன். "வாழ்க்கையில் முன்னேறுவது எப்படின்னு வச்சுக்கலாமா?" என்றார். "வேண்டாம் தம்பி, அதைப் பேச நம்ம சங்கத்திலேயே நிறையப் பேர் இருக்காங்க. எனக்குத் தெரிஞ்சது தகடும் ரிவிட்டும்தான். அதைப் பேசறேன்" என்றேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. நம் ஊர்ப் பேச்சில் 'ரிவிட் அடிக்கிறது' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். தனக்கும் நான் அதைத்தான் அடிக்கிறேன் என்று நினைத்திருப்பார்!

ஆனால் இங்கே உட்கார்ந்திருக்கிற மாணவர்களில் சிலர் நாளைக்கு ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ சொந்தப் பட்டறை போடப் போகிறீர்கள். சிலர் மில்லில் பராமரிப்புப் பிரிவில் சேரப் போகிறீர்கள். பேங்க் கடன் வாங்கிய முதல் பணத்தில் எந்த மிஷின் வாங்குவது, எந்த வேலைக்கு எந்த ரிவிட் போடுவது என்ற கேள்வி உங்கள் முன்னால் வந்து நிற்கும். அந்த நேரத்தில் பெரும்பாலும் பதில் சொல்கிறவர் ஹார்டுவேர் கடை அண்ணாச்சிதான். அவர் நல்லவர், நமக்குக் கடன் கொடுத்து வாழ வைப்பவர். ஆனால் அவர் கடையில் என்ன இருக்கிறதோ அதைத்தானே அவர் தர முடியும்?

நான் இன்றைக்குச் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. ரிவிட்டை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, கடைக்காரரும் தேர்ந்தெடுப்பதில்லை. சேரப்போகிற இரண்டு தகடுகளும், அவை வாழப்போகிற இடமும்தான் ரிவிட்டைத் தேர்ந்தெடுக்கின்றன. அந்த ரிவிட்தான் மிஷினைத் தேர்ந்தெடுக்கிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் மிஷினை வாங்கிவிட்டு அதற்கு வேலை தேடினால் பணம் போகும். சில சமயம் விரலும் கண்ணும் போகும்.

வெல்டிங் இருக்கும்போது ரிவிட் எதற்கு?

மாணவர்கள் முதலில் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வி. பாம்பன் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலம் ரிவிட் அடித்துக் கட்டியது. 2022 டிசம்பரில் அதில் ரயில் ஓடுவது நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் இணைப்புகள் வெல்டிங்கில் செய்யப்பட்டிருக்கின்றன. கல்கத்தாவில் 1943-ல் திறந்த ஹவுரா பாலம் முழுக்க ரிவிட். இன்று அப்படி ஒரு பாலம் யாரும் கட்டமாட்டார்கள். கனமான இரும்பில் ரிவிட்டின் காலம் முடிந்துவிட்டது என்பது உண்மைதான்.

ஆனால் மெல்லிய தகட்டில் கதையே வேறு. இந்தப் பகுதியில் நாம் தினசரி பார்க்கும் வேலையை நினைத்துப் பாருங்கள். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய நாளிலிருந்து இந்த ஊர் பஞ்சை நம்பி வாழ்கிற ஊர். நூற்பாலைக்குள் நூல் அறாமல் ஓட வேண்டுமானால் காற்றில் ஈரப்பதம் ஏறக்குறைய 55 முதல் 60 சதவீதம் இருக்க வேண்டும். அந்த ஈரக் காற்றைக் கொண்டுபோகிற பெரிய குழாய்ப் பாதைகள், டக்ட் என்கிறோமே, அவை பெரும்பாலும் ஜி.ஐ. தகட்டில் செய்தவை. 24 கேஜ் என்றால் 0.63 மில்லிமீட்டர், 22 கேஜ் என்றால் 0.8 மில்லிமீட்டர். இதில் வெல்டிங் ராடை வைத்தால் என்ன ஆகும்? இரும்பு உருக ஏறக்குறைய 1,500 டிகிரி வேண்டும். அதன்மேல் பூசியிருக்கும் துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். தகடு நெளியும், ஓட்டை விழும், துருவைத் தடுக்கும் பூச்சு போய்விடும். அந்தப் புகையைச் சுவாசித்த வெல்டருக்கு அன்று இரவு குளிர்காய்ச்சல் வரும்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. மில்லுக்குள் எங்கே பார்த்தாலும் பஞ்சுத் தூசி. ஒரு பொறி போதும். நம் கிழக்கே சிவகாசிப் பக்கம் போனால் பஞ்சுக்குப் பதில் பட்டாசு மருந்து. ஆக, நம் ஊரைச் சுற்றி நெருப்பு வைக்கக்கூடாத இடங்கள்தான் அதிகம். நெருப்பில்லாமல் இரண்டு தகடுகளைச் சேர்க்கும் வழி எதுவோ அதுதான் நமக்கு வேண்டிய வழி. ரிவிட் அதற்குத்தான் இன்னும் உயிரோடு இருக்கிறது.

இரண்டு சாதி ரிவிட்

ரிவிட்டில் நூறு வகை இருக்கலாம். பட்டறையில் நமக்கு இரண்டு தெரிந்தால் போதும்.

முதலாவது, உருட்டு ரிவிட். முழு உலோகத் தண்டு, ஒரு பக்கம் தலை. ஓட்டைக்குள் விட்டு, தலைக்குக் கீழே கனமான இரும்பைத் தாங்கலாகக் கொடுத்து, மறுமுனையைச் சுத்தியலால் அடித்து இன்னொரு தலை செய்கிறோம். நம் தாத்தா காலத்து வேலை. இதற்கு இரண்டு பக்கமும் கை எட்ட வேண்டும்.

இரண்டாவது, பாப் ரிவிட். 'பாப்' என்பது உண்மையில் ஒரு வணிகப் பெயர். பழகிப் பழகி எல்லோருக்கும் பொதுப்பெயர் ஆகிவிட்டது. இது உள்ளே குழாய். குழாய்க்குள் ஒரு ஆணி. ரிவிட் கன்னால் ஆணியை இழுத்தால், ஆணியின் தலை குழாயின் மறுமுனையை நசுக்கி விரித்து, தகட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மேலும் இழுத்தால் ஆணி 'பட்'டென்று முறிந்து கையோடு வந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் கை எட்டினால் போதும். மூடிய டக்ட், பெட்டி, சதுரக் குழாய் இவற்றுக்கெல்லாம் இதுதான்.

சரி, எதை எங்கே போடுவது? ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டும் இரும்புக் கடாயைப் பாருங்கள். இரண்டு பக்கமும் காது இருக்கும். தினமும் அடுப்பில் ஏறும், இறங்கும், சூடாகும், ஆறும். பால் நிறைந்த கடாயைத் தூக்கும்போது முழுப் பாரமும் அந்தக் காதுகளில்தான். அங்கே உருட்டு ரிவிட்தான் போட வேண்டும், அதுவும் இரும்புக்கு இரும்பு. பாப் ரிவிட் போட்டால் அது வெறும் குழாய், பாரத்தைத் தாங்காது. போதாததற்கு நடுவில் உள்ள துளை வழியாகப் பால் இறங்கி, உள்ளே தங்கிக் கெட்டுப்போகும். சாப்பாட்டுப் பாத்திரத்தில் பாப் ரிவிட் அடிக்கிறவரைக் கண்டால் கையைப் பிடித்துத் தடுங்கள். காதைப் பால் மட்டத்துக்கு மேலே, விளிம்பை ஒட்டி வைப்பதும் அதே காரணத்துக்காகத்தான்.

இதே கணக்கில், டக்டுக்கும் மிஷின் மூடிக்கும் அறிவிப்புப் பலகைக்கும் பாப் ரிவிட் போதும். ஆள் ஏறி நிற்கிற, பாரம் தொங்குகிற, அதிர்வு தாங்குகிற இடத்துக்கு உருட்டு ரிவிட் அல்லது போல்ட். அடிக்கடி கழற்றவேண்டிய இடத்துக்கு ரிவிட்டே வேண்டாம், ஸ்க்ரூ போடுங்கள்.

அளவுக் கணக்கு

வைவாவில் கேட்டால் சொல்வீர்கள், பட்டறைக்கு வந்ததும் மறந்துவிடுவீர்கள். அதனால் ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

மெல்லிய தகட்டுக்கு, கனமான தகட்டின் கனத்தைப்போல் சுமார் மூன்று மடங்கு ரிவிட்டின் விட்டம். ஒரு மில்லிமீட்டர் தகட்டுக்கு 3.2 மில்லிமீட்டர், அதாவது நம் பழைய 1/8 அங்குலம். கனமான பிளேட் என்றால் அன்வின் சூத்திரம்: கனத்தின் வர்க்கமூலத்தை ஆறால் பெருக்க வேண்டும். 9 மில்லிமீட்டர் பிளேட்டுக்கு 18 மில்லிமீட்டர் ரிவிட்.

உருட்டு ரிவிட்டின் நீளம், சேரும் தகடுகளின் மொத்தக் கனத்தோடு விட்டத்தில் ஒன்றரை மடங்கு. கடாய் 3, காது 5, ஆக மொத்தம் 8 மில்லிமீட்டர். 8 மில்லிமீட்டர் ரிவிட் என்றால் இன்னும் 12 சேர்த்து, தலைக்குக் கீழே 20 மில்லிமீட்டர் தண்டு வேண்டும். குறைந்தால் தலை உருவாகாது. கூடினால் தண்டு வளைந்து சாயும்.

பாப் ரிவிட்டுக்கு, எவ்வளவு கனத்தைப் பிடிக்கும் என்று பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள். அதைப் படியுங்கள். ஓட்டை, ரிவிட்டைவிட 0.1 மில்லிமீட்டர் மட்டுமே பெரிதாக இருக்க வேண்டும்: 3.2-க்கு 3.3, 4.0-க்கு 4.1, 4.8-க்கு 4.9. 'அந்த பிட் இல்லை, 3.5 இருக்கு, போட்டுக்கோ' என்று எத்தனை பட்டறையில் கேட்கிறோம்! ஓட்டை பெரிதானால் குழாய் பக்கவாட்டில் விரிவதிலேயே தன் பலத்தைச் செலவழித்துவிடும், பிடிப்பு இராது. நாலு மாதத்தில் ஆட ஆரம்பிக்கும்.

ஓட்டையின் மையம் தகட்டின் விளிம்பிலிருந்து ரிவிட் விட்டத்தைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி இருக்கட்டும். ரிவிட்டுக்கும் ரிவிட்டுக்கும் குறைந்தது மூன்று மடங்கு இடைவெளி. ஓட்டை போட்டதும் பிசிறை எடுத்துவிட்டுத்தான் ரிவிட் போட வேண்டும். பிசிறு இருந்தால் இரண்டு தகடுகளும் ஒட்டி உட்காராது.

உலோகங்களின் சம்பந்தம்

கல்யாணத்துக்கு ஜாதகம் பார்ப்பவர்கள் ரிவிட்டுக்குப் பார்ப்பதில்லை! இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு, நடுவில் ஈரமும் உப்பும் சேர்ந்தால் அது ஒரு பேட்டரி. ஒன்று இன்னொன்றுக்காகக் கரைந்துகொண்டே இருக்கும். துத்தநாகம், அலுமினியம், இரும்பு, செம்பு, ஸ்டெயின்லெஸ் என்று ஒரு வரிசை உண்டு. முன்னால் இருப்பது கரையும், பின்னால் இருப்பது பிழைக்கும்.

இதில் முக்கியம் அளவு விகிதம். பெரிய ஸ்டெயின்லெஸ் தகட்டில் சின்ன அலுமினிய ரிவிட் போட்டால், அவ்வளவு பெரிய தகட்டின் பசியையும் அந்தச் சின்ன ரிவிட் ஒன்றே தீர்க்க வேண்டும். சீக்கிரம் மாவாகிவிடும். செம்பு, பித்தளைத் தகட்டில் அலுமினிய ரிவிட் போட்டாலும் அதே கதிதான். மாறாக, பெரிய அலுமினியத் தகட்டில் சின்ன இரும்பு ரிவிட் போட்டால் சேதம் பரவி மெதுவாக நடக்கும். ஆகவே விதி: ரிவிட் தகட்டின் உலோகமாகவே இருக்கட்டும், முடியாவிட்டால் தகட்டைவிட வரிசையில் பின்னால் உள்ளதாக இருக்கட்டும்.

ஜி.ஐ. டக்டில் அலுமினிய ரிவிட் போடுகிறோமே என்பீர்கள். துத்தநாகப் பூச்சு இருக்கும்வரை அது தாக்குப்பிடிக்கும். பூச்சு தேய்ந்து இரும்பு வெளியே தெரிந்துவிட்டால், ஈரக் காற்றில் ரிவிட்தான் முதல் பலி. எப்போதும் ஈரம் ஓடும் இடத்துக்கு இரும்பு ரிவிட் போடுங்கள், மேலே பெயிண்ட் அடியுங்கள். பஸ் பாடியில் இரும்புச் சட்டத்தின்மேல் அலுமினியத் தகடு வரும்போது நடுவில் பெயிண்ட்டோ ரப்பர் பட்டையோ கொடுப்பதும் இந்தச் சம்பந்தத்தைப் பிரித்து வைக்கத்தான்.

தேர் வடமும் ரிவிட் வரிசையும்

ஒரு ரிவிட் போனால் என்ன, இன்னும் ஐம்பது இருக்கிறதே என்று சொல்லும் பழக்கம் நமக்கு உண்டு. ஆடிப்பூரத்தில் ஆண்டாள் தேர் வடம் பிடித்தவர்களுக்கு இதற்குப் பதில் தெரியும். ஆயிரம் பேர் இழுக்கும்போது ஒருவர் கையை விட்டால், அவர் பாரம் பக்கத்தில் இருப்பவர் கைக்குப் போகிறது. அவரும் விட்டால் அடுத்தவருக்கு இரட்டைப் பாரம். ரிவிட் வரிசையும் அப்படித்தான்.

1988 ஏப்ரல் 28-ம் தேதி ஹவாய்த் தீவுகளில் அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 விமானம் 24,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது, அதன் மேல்கூரையில் சுமார் 18 அடி நீளம் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. ஒரு விமானப் பணிப்பெண் உயிரிழந்தார். விமானம் எப்படியோ தரையிறங்கியது. விசாரணையில் என்ன தெரிந்தது? தகடுகளை ஒட்டியிருந்த பசை கடல்காற்றில் விட்டுப்போய், பாரம் முழுவதும் ரிவிட் ஓட்டைகளுக்கு வந்துவிட்டது. தகட்டின் கனமோ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ரிவிட் தலை மட்டமாக உட்கார வேண்டும் என்று ஓட்டையைக் குடைந்ததில் அதன் அடி விளிம்பு கத்தி முனைபோல் ஆகியிருந்தது. அந்தக் கத்தி முனைகளில் நூல்போல விரிசல். ஒவ்வொன்றாக நீண்டு, ஒன்றையொன்று தொட்டதும் கூரை போயிற்று.

நமக்கு இதில் பாடம் உண்டு. மெல்லிய தகட்டில், பார்க்க அழகாக இருக்கட்டும் என்று ஓட்டையைக் குடையாதீர்கள். தலை கொஞ்சம் துருத்தி நின்றால் குற்றமில்லை.

1912-ல் மூழ்கிய டைட்டானிக் கப்பலிலிருந்து எடுத்த ரிவிட்டுகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்தார்கள். முன்பக்கமும் பின்பக்கமும் கையால் அடித்த தேனிரும்பு ரிவிட்டுகள். சிலவற்றில் கசடு அதிகம். பனிப்பாறை உரசியபோது அவற்றின் தலைகள் தெறித்ததும் கப்பல் வேகமாக மூழ்கியதற்கு ஒரு காரணமாயிருக்கலாம் என்பது அந்த ஆராய்ச்சியாளர்களின் கருத்து. அத்தனை பெரிய கப்பலுக்கே ரிவிட்டின் தரம் ஒரு கேள்வியாக நின்றது என்றால், எடை பார்த்து மலிவு ரிவிட் வாங்கும் நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?

இனி மிஷினுக்கு வருவோம்

ரிவிட் முடிவாகிவிட்டது என்றால் ஓட்டையின் அளவு முடிவாகிவிட்டது. ஓட்டை முடிவானால் டிரில்லிங் மிஷின் முடிவாகிவிடும். பட்டறையில் போடும் ஓட்டை பெரும்பாலும் 5 மில்லிமீட்டருக்குள்தான். 13 மில்லிமீட்டர் பெரிய மிஷினை முதலில் வாங்காதீர்கள். அது கனம் அதிகம், சுற்று குறைவு. 10 மில்லிமீட்டர் மிஷின், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியோடு இருந்தால் போதும்.

வேகம் ஏன் முக்கியம்? 5 மில்லிமீட்டர் பிட்டுக்கு மைல்டு ஸ்டீலில் நிமிடத்துக்குச் சுமார் 1,600 சுற்று. அலுமினியத்தில் 3,800 வரை போகலாம். ஸ்டெயின்லெஸ்ஸில் 650-ஐத் தாண்டக்கூடாது. ஸ்டெயின்லெஸ்ஸை வேகமாகச் சுற்றித் தேய்த்தீர்களென்றால் அது கடினமாகிவிடும். பிறகு எந்த பிட்டும் இறங்காது. மெதுவாகச் சுற்றி, நன்றாக அழுத்தி, இரண்டு சொட்டு எண்ணெய் விட வேண்டும். பிட் மழுங்குது, பிட் மழுங்குது என்று கம்பெனியைத் திட்டுகிறவர்களில் பாதிப்பேர் வேகத்தைத்தான் கவனிப்பதில்லை.

அடுத்து ரிவிட் கன். ஒரு நாளைக்கு எத்தனை ரிவிட் அடிக்கப் போகிறீர்கள் என்று எண்ணுங்கள். ஐம்பது, நூறு என்றால் கையால் அழுத்தும் பிளையர் மாதிரியே போதும். ஸ்டெயின்லெஸ் ரிவிட், 4.8 ரிவிட் என்றால் அதில் மணிக்கட்டு போய்விடும். இரண்டு கையாலும் நீட்டி மடக்குகிற நீள லீவர் கன் வாங்குங்கள். நாளுக்கு ஐந்நூறு, ஆயிரம் என்று போனால் காற்றில் ஓடும் கன். ஒரு ரிவிட்டுக்கு அது எடுக்கும் காற்று கொஞ்சம்தான், சின்ன கம்ப்ரஸரே தாங்கும். ஆனால் அதே கம்ப்ரஸரில் காற்று கிரைண்டரை மாட்டினால் மூச்சு வாங்கும். கிரைண்டர் நிறுத்தாமல் காற்றைக் குடிக்கும். ஏணிமேல் ஏறி டக்ட் வேலை செய்கிறவருக்கு பேட்டரி கன் வரப்பிரசாதம். ஒயரும் இல்லை, ஓஸும் இல்லை.

மில்லுக்குள் வேலை என்றால் இரண்டு விஷயம் கூடுதலாகக் கவனியுங்கள். ஒன்று, கார்பன் பிரஷ் உள்ள மின் டிரில்லில் உள்ளுக்குள் பொறி பறந்துகொண்டேதான் இருக்கும். பஞ்சுத் தூசி உள்ள இடத்தில் காற்று டிரில்தான் சரி. அதுவும் சுற்றிலும் சுத்தம் செய்தபிறகு, பராமரிப்பு அதிகாரியின் அனுமதியோடு. இரண்டு, முறிந்து விழும் ரிவிட் ஆணிகள். ஒரு ஆணி பஞ்சோடு புளோரூமுக்குள் போனால், வேகமாகச் சுற்றும் இரும்புப் பற்களில் பட்டுப் பொறி கிளம்பும். ஐம்பது ரிவிட் அடித்தால் ஐம்பது ஆணியை எண்ணி டப்பாவில் போட்டுவிட்டுத்தான் கீழே இறங்க வேண்டும். இரும்பு ஆணியாக இருந்தால் தப்பிப் போனாலும் மில்லின் காந்தம் பிடிக்கும். அலுமினிய ஆணியைக் காந்தம் பிடிக்காது, பாப் ரிவிட்டில் வரும் ஸ்டெயின்லெஸ் ஆணியையும் நம்ப முடியாது. மில் வேலைக்கு ரிவிட் வாங்கும்போது இதையும் கேட்டு வாங்குங்கள்.

பட்டாசு ஆலைக்கு வேலைக்குக் கூப்பிட்டால் பதில் ஒன்றுதான்: "கதவைக் கழற்றி, கழுவி, வெளியே கொண்டு வாங்க, என் பட்டறையில் செஞ்சு தர்றேன்." துருப்பிடித்த இரும்பில் அலுமினியம் வேகமாக மோதினாலே பொறி பறக்கும். அங்கே எந்த மிஷினும் சின்ன மிஷின் இல்லை.

கடைசியாக, கிரைண்டர்

நண்பர்களே, இதற்காகத்தான் நான் முக்கியமாக இங்கே வந்தேன். நம் ஊர்ப் பட்டறைகளில் அதிகமாகப் புழங்குவது நாலு அங்குல கிரைண்டர். வாங்கிய அன்றே அதன் கார்டைக் கழற்றி மூலையில் போட்டுவிடுகிறோம். ஏன்? கார்டு இருந்தால் ஏழு அங்குல வீல் உள்ளே போகாது!

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 மில்லிமீட்டர் கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றுகிறது. சாதாரணக் கட்டிங் வீலின் விளிம்பு நொடிக்கு 80 மீட்டர் வேகம் வரைதான் தாங்கும் என்று வீலிலேயே போட்டிருக்கிறது. 180 மில்லிமீட்டர் வீலுக்கு அது 8,500 சுற்று. அந்த வீலை 11,000 சுற்றில் ஓட்டினால் விளிம்பு வேகம் நொடிக்கு 103 மீட்டருக்கும் மேல். மணிக்கு 370 கிலோமீட்டர். வீலைப் பிய்க்கிற விசை வேகத்தின் வர்க்கத்தில் கூடும். அதாவது தாங்கவேண்டியதைப்போல் ஒன்றே முக்கால் மடங்கு கிட்டத்தட்ட. வீல் உடைந்தால் துண்டு எந்தப் பக்கம் வரும் என்று யாருக்கும் தெரியாது. கார்டு இல்லாவிட்டால் உங்கள் பக்கமும் வரும்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன், நம் ஜில்லாதான், இருபத்திரண்டு வயது. ஒரு பட்டறையில் இப்படித்தான் பெரிய வீலைச் சின்ன மிஷினில் மாட்டிக் கொடுத்தார்கள். வீல் உடைந்து வலது கண் போயிற்று. கார்டு இருந்திருந்தால், கண்ணாடி போட்டிருந்தால் என்று பிறகு எல்லோரும் பேசினோம். அவன் இப்போது பலசரக்குக் கடையில் கணக்கு எழுதுகிறான். அழகாக வெல்டிங் வைப்பான் என்று இன்றைக்கும் அவன் கூட வேலை பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

வீலின் நடுவில் உள்ள உலோக வளையத்தில் ஒரு மாதமும் வருடமும் பொறித்திருக்கும். அது காலாவதித் தேதி. மருந்துக் கடையில் தேதி பார்க்கிற நாம் ஹார்டுவேர் கடையில் பார்ப்பதில்லை. பாருங்கள். மரம் அறுக்கும் பிளேடைக் கிரைண்டரில் ஒருபோதும் மாட்டாதீர்கள். கிரைண்டருக்குக் கண்ணாடி கட்டாயம். டிரில்லிங் மிஷினில் கையுறை போடாதீர்கள், அது கையோடு சேர்த்துச் சுற்றிக்கொள்ளும். தோளில் துண்டு, தொங்கும் துப்பட்டா, லுங்கி எதுவும் வேண்டாம்.

பட்டறை போடுகிறவர்கள் முதல் பணத்தை இந்த வரிசையில் செலவழியுங்கள்: முதலில் மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.; இரண்டாவது, கண்ணாடிகள்; மூன்றாவது, நல்ல டிரில்லும் சரியான அளவு பிட்டுகளும்; நாலாவது, கை ரிவிட் கன்; ஐந்தாவது, கார்டோடு ஒரு சின்ன கிரைண்டர். பெரிய வீல் வேண்டும் என்றால் பெரிய மிஷினே வாங்குங்கள், அல்லது பக்கத்துப் பட்டறையில் வாடகைக்கு எடுங்கள். கம்ப்ரஸரும் பேட்டரி மிஷினும் ஆர்டர் வந்தபிறகு வரட்டும். ஆர்டர் அவற்றுக்குக் காசு கொடுக்கும்.

சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள். நம் ஒர்க்ஷாப்பில் ஒரு மாதிரிப் பலகை வைப்போம். சரியாக அடித்த ரிவிட், பெரிய ஓட்டையில் அடித்தது, அலுமினியமும் ஸ்டெயின்லெஸ்ஸும் சேர்ந்து அரித்தது, எல்லாவற்றையும் அறுத்து உள்பக்கம் தெரியும்படி ஆணியடித்து மாட்டுவோம். ஒரு மாணவர் பத்துப் பக்கம் ரெக்கார்டு எழுதித் தெரிந்துகொள்வதைப் பத்து நிமிஷத்தில் கண்ணால் பார்த்துவிடுவார். அந்தப் பலகைக்கான பொருளும் கூலியும் என் பொறுப்பு.

இரண்டாவது, இங்கே வந்திருக்கும் பட்டறை முதலாளிகளுக்கு. நீங்கள் எல்லோரும் என் அண்ணன் தம்பிமார், அதனால் உரிமையோடு சொல்கிறேன். நாளைக் காலையில் பட்டறையைத் திறந்ததும், மூலையில் கிடக்கும் கிரைண்டர் கார்டைத் தேடி எடுத்து மாட்டுங்கள். தொலைந்திருந்தால் புதுசு வாங்குங்கள். கார்டு இல்லாத மிஷினைக் கையில் கொடுத்தால், "கார்டு எங்கே அண்ணாச்சி?" என்று கேட்கும் தைரியத்தை நம் மாணவர்களுக்கு இந்தக் கல்லூரி கொடுக்கட்டும். அப்படிக் கேட்கிற பையனையோ பெண்ணையோ வேலையை விட்டு அனுப்பிவிடாதீர்கள். அவர்களை நம்பித்தான் உங்கள் பட்டறை நாளைக்கு ஓட வேண்டும்.

சாப்பாடு தயாராகிவிட்டது என்று செயலாளர் சைகை காட்டுகிறார்.